யாளி

யாளி என்பது தமிழகக் கோயில் சிற்பங்களில் இடம்பெறும் கற்பனை விலங்கு. சிங்க உடலும் யானையின் துதிக்கையும் தந்தமும் சேர்ந்தது இதன் பொது வடிவம். சிங்க முகம் மேலோங்கினால் சிம்ம யாளி, துதிக்கை நீண்டால் கஜ யாளி, முதலை வாய் அமைந்தால் மகர யாளி. குதிரைத் தலை கொண்ட அசுவ யாளியும் உண்டு. சிற்ப நூல்கள் வியாளம் என்ற வடசொல்லையும் இதற்கு வழங்குகின்றன.

சங்கப் பாடல்களில் இது ‘ஆளி’. ஆனை – யானை, ஆறு – யாறு, ஆடு – யாடு ஆகிய இணைகளைப் போன்றதே ஆளி – யாளி. புலவர்களுக்கு ஆளி, யானையை வேட்டையாடும் மலைவிலங்கு. கரிகாலன் இளமையிலேயே வெண்ணிப் போரில் இரு பெருவேந்தரை வென்றதைப் பாடிய முடத்தாமக்கண்ணியார், பால்குடி மறவாத ஆளிக்குட்டி தன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்றதைப் பொருநராற்றுப்படையில் உவமையாக்கினார். அகநானூற்று ஆளி, யானையின் தந்தத்தைப் பறித்து அதன் குருத்தைத் தின்கிறது. தந்தம் தின்ற விலங்கு பிற்காலச் சிற்பத்தில் தானே தந்தம் தரித்து நிற்பது இக்கற்பனையின் அழகான திருப்பம். தூண்களில் யாளியின் காலடியில் சிறிய யானை ஒன்று அகப்பட்டுக் கிடப்பதும் அந்தப் பழைய வேட்டையின் தொடர்ச்சியே.

தமிழ்நாட்டுக் காடுகளில் சிங்கம் இல்லை. யானையோ அன்றாடம் கண்ட விலங்கு. யாளியின் பிடரி சுருள் சுருளான அணிவேலையாக நிற்க, துதிக்கையின் மடிப்பும் வளைவும் உயிருள்ளவை போல அமைவதற்கு இதுவே காரணம். கண்டதையும் கேட்டதையும் ஒரே கல்லில் இணைத்ததில்தான் சிற்பியின் திறம் இருக்கிறது.

மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் உள்ள பல்லவர் காலப் ‘புலிக்குகை’யில், நடுமாடத்தைச் சுற்றி 11 தலைகள் வாய் பிளந்து நிற்கின்றன. புலி என்று பெயர் பெற்றாலும் அவை யாளிகளே. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் யாளி வரிசை ஓடுகிறது. அதன் முனைகளில் மகரத் தலைகள் நீண்டு, அவற்றின் வாய்க்குள் வீரர்கள் தெரிகின்றனர். விஜயநகர, நாயக்கர் காலங்களில் யாளி வரிசையை விட்டு எழுந்து தூண் உயரத்துக்குப் பின்னங்கால்களில் நின்றது. மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் இதைக் காணலாம். சில யாளிகளின் வாயில் கல்லுருண்டை உருளும்; வெளியே எடுக்க வராது. அது பிறகு நுழைக்கப்பட்டதன்று. அதே கல்லில், பற்களுக்குப் பின்னால், சுற்றிலும் குடைந்து விடுவிக்கப்பட்டது.

யாளியின் உறவினங்களைச் சென்னை மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாவில் வாகனங்களாகக் காணலாம். காளை முகமும் மனித உடலும் கொண்ட அதிகார நந்தி, பெண் முகமும் பசு உடலும் சிறகுகளும் உடைய காமதேனு, மனித முகமும் விலங்குடலும் வாய்ந்த புருஷாமிருகம் ஆகியன மாடவீதிகளில் வலம் வருகின்றன. புருஷாமிருகத்துக்கு வலுவான நாட்டார் கதை உண்டு. தருமரின் வேள்விக்காக அதை அழைத்துவரப் போன பீமன், துரத்தும் சிவபக்த விலங்கை நிறுத்த ஒவ்வோர் உருத்திராட்சமாகப் போட்டு ஓடினான். விழுந்த இடமெல்லாம் லிங்கம் தோன்ற, அது வழிபட நின்றது. குமரி மாவட்டத்தில் மகா சிவராத்திரியின்போது பக்தர்கள் 12 சிவாலயங்களுக்கு ஓடும் சிவாலய ஓட்டம் இக்கதையைத் தழுவியது. சங்கப் பாடல் காதலர் ஒன்றிய உயிருக்கு உவமையாக்கிய இருதலைப் புள், தியாகராய நகர்க் கடைகளில் விற்கும் காஞ்சிப் பட்டின் கரையில் இன்றும் பறக்கிறது.

2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையின் தலைப்பில் யாளி முகம் செதுக்கப்படுகிறது. மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியில் மரபுச் சிற்பம் கற்பிக்கப்படுகிறது.