வடகரை தேடிச் சென்றவர்கள்

அண்டை நாட்டுக்குக் குடிபெயர்வது எளிது என்று எண்ணுவது மனித இயல்பு. கடல் கடக்க வேண்டியதில்லை. மொழி பெரும்பாலும் ஒன்றே. தட்பவெப்பமும் ஏறத்தாழ அறிந்ததே. ஆகவே நெடுந்தொலைவுப் பயணத்துக்குச் செய்யும் ஆயத்தத்தில் பாதியைக்கூட இதற்குப் பலர் செய்வதில்லை. எல்லையின் தொலைவைக் கல் கணக்கில் அளந்து புறப்பட்டவர்கள் ஏமாந்ததுண்டு. அக்கரையில் நிலவும் சட்டத்தையும், அச்சட்டத்தை நடத்தும் மாந்தரின் மனப்போக்கையும் அளந்து சென்றவர்களே காலூன்றினர். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலிருந்து கனடாவுக்குச் சென்றோரின் இருநூறாண்டு வரலாறு இதற்குத் தக்க சான்றாக விளங்குகிறது. அவ்வரலாற்றின் நடுவே ஒரு பெண்மணி எழுதிய 44 பக்கச் சிறுநூல் ஒன்று இருக்கிறது. அதனை நம் வாசகர்கள் அறிய வேண்டும் என்பதே நம் விழைவு.

முதல் பெருங்கூட்டம் 1783இல் சென்றது. அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் முடியின் பக்கம் நின்றவர்கள், போர் முடிந்தபின் தம் ஊர்களில் வாழ இயலாமற் போயினர். அவர்களுள் ஏறத்தாழ 30,000 பேர் நோவா ஸ்கோஷியாவையும் அதனை அடுத்த கடலோரப் பகுதிகளையும் அடைந்தனர். 1784இல் நியூ பிரன்ஸ்விக் என்னும் தனி மாநிலம் அமைந்ததும், 1791இல் கியூபெக் இரண்டாகப் பிரிந்து மேல் கனடா உருவானதும் இக்குடியேற்றத்தின் விளைவுகளே.

இவர்களோடு ஏறத்தாழ 3,000 கறுப்பின மக்களும் சென்றனர். எசமானர்களை விட்டுப் பிரிட்டிஷ் படையிடம் வந்து சேர்ந்தால் விடுதலை என்னும் வாக்குறுதியை நம்பிப் போரில் பங்குகொண்டவர்கள் அவர்கள். விடுதலை கிடைத்தது. ஆனால் வாக்களிக்கப்பட்ட நிலம் பலருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களுக்கும் பாறை நிலமே வாய்த்தது. ஷெல்பர்ன் என்னும் ஊரில் குறைந்த கூலிக்கு உழைக்க வேண்டிய நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டனர். அதனால் தங்கள் வேலை பறிபோகிறது என்று சினந்த வெள்ளையர் 1784இல் கலகம் செய்து அவர்களின் வீடுகளை இடித்தனர். 1792இல் ஏறத்தாழ 1,200 பேர் 15 கப்பல்களில் ஏறி, ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்கே சென்றுவிட்டனர். பட்டயத்தில் எழுதப்பட்ட உரிமை வேறு, பக்கத்து வீட்டார் தரும் உரிமை வேறு என்னும் பாடத்தை வரலாறு அன்றே கற்பித்துவிட்டது.

மேல் கனடாவின் ஆளுநர் சிம்கோ, விசுவாசப் பிரமாணம் செய்வோருக்கு 200 ஏக்கர் வரை நிலம் தருவதாக அறிவித்தபோது, நிலம் நாடிய அமெரிக்க உழவர்கள் பெருந்திரளாக வந்தனர். 1812இல் இரு நாடுகளுக்கும் போர் மூண்டபோது மேல் கனடாவின் மக்களுள் பெரும்பாலோர் அமெரிக்காவிலிருந்து வந்தவர்களே. போருக்குப் பின் அவர்கள் மீது ஐயம் படர்ந்தது. காடு திருத்தி, ஏர் பூட்டி, பிள்ளை பெற்று வாழ்ந்தவர்களிடம், "நீங்கள் அயலார்தாமே? உங்களுக்கு நிலவுரிமை உண்டா? சட்டமன்றத்தில் அமரும் தகுதி உண்டா?" என்னும் வினாக்கள் எழுப்பப்பட்டன. இச்சிக்கல் தீர 1828ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அமைதிக் காலத்தில் எவரும் கேளாத தாள்களைப் போர்க்காலம் கேட்கும் என்பதைக் குடியேறியோர் அப்போது உணர்ந்தனர்.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834 ஆகஸ்ட் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் தெற்கே அடிமைப்பட்டுக் கிடந்தோருக்குக் கனடா என்னும் சொல்லே விடுதலையின் மறுபெயராயிற்று. 1850இல் அமெரிக்கப் பேராயம் இயற்றிய தப்பியோடிய அடிமைகள் சட்டம் நிலைமையை மேலும் கொடிதாக்கியது. பிடிபட்டவர் தம் தரப்பில் சாட்சி சொல்ல இயலாது. நடுவர் குழு விசாரணை இல்லை. அவர் அடிமையே என்று தீர்ப்பளிக்கும் ஆணையருக்கு 10 டாலர் கட்டணம். அல்லர் என்று விடுவித்தால் 5 டாலர். இத்தகைய சட்டத்தின்முன் அடிமையாய்ப் பிறவாத கறுப்பினத்தாரும் அஞ்ச வேண்டியிருந்தது. உள்நாட்டுப் போருக்கு முன்னர் கனடா சென்றோரின் தொகை 30,000 முதல் 40,000 வரை என மதிப்பிடுவர்.

இந்தச் சூழலில்தான் மேரி ஆன் ஷாட் வருகிறார். டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில், அடிமைத்தளை அறியாத கறுப்பினக் குடும்பமொன்றில் 1823இல் பிறந்தவர். தந்தையார் காலணி தைக்கும் தொழிலர். தப்பி வருவோருக்குப் புகலிடம் தந்து வழியனுப்பியவர். மேரி இளமையிலேயே ஆசிரியப் பணியை மேற்கொண்டார். 1851இல் டொராண்டோவில் நடந்த கறுப்பின மக்கள் மாநாட்டுக்குச் சென்றவர், அங்கேயே தங்கத் துணிந்து, டெட்ராய்ட் ஆற்றின் அக்கரையிலுள்ள வின்ஸர் என்னும் ஊரில் பள்ளி தொடங்கினார். எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் அதன் கதவு திறந்திருந்தது.

1852இல் அவர் எழுதிய சிறுநூல் டெட்ராய்ட்டில் அச்சாகி வெளிவந்தது. குடியேற்றத்துக்கான வேண்டுகோள் என்பது அதன் தலைப்பு. இன்றைய நிலையில் அதனைப் புரட்டுவோருக்கு வியப்பே மேலிடும். உணர்ச்சி முழக்கத்தைவிடச் செய்தியே அதில் மிகுதி. தட்பவெப்பம், மண்ணின் தன்மை, மரங்கள், காடு திருத்தும் முறை, தானியம், கிழங்கு, பழவகை, கால்நடை, நில விலை, கூலி, தொழில்கள், தேவாலயம், பள்ளி, வாக்குரிமைச் சட்டம், பிரமாணம், நாணயம் என்று ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். மெக்ஸிகோ, மேற்கிந்தியத் தீவுகள், வான்கூவர் தீவு ஆகிய பிற புகலிடங்களையும் சீர்தூக்கிப் பார்க்கிறார்.

தட்பவெப்பத்தைப் பற்றி அவ்வளவு எழுத வேண்டிய தேவை என்ன? கனடாவின் குளிரைக் கறுப்பின மக்கள் தாங்கமாட்டார்கள், அங்கே சென்றால் மடிவார்கள் என்னும் பேச்சு நெடுங்காலமாகப் பரப்பப்பட்டு வந்தது. அடிமைகள் ஓடிவிடாதிருக்க எசமானர்களுக்கு அப்பேச்சு பயன்பட்டது. ஆகவே விளைச்சலையும் உடல்நலத்தையும் சான்றாக வைத்து அதனை மறுப்பது அம்மையாருக்கு முதற்கடமையாயிற்று. அறியாமை ஒரு விலங்கு. அதனைத் தகவல் என்னும் அரத்தால் அறுக்கலாம் என அவர் நம்பினார் எனலாம்.

ஆயினும் எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. பிரடெரிக் டக்ளஸ் போன்ற பெருந்தலைவர்கள், பிறந்த மண்ணிலேயே நின்று போராட வேண்டும், வெளியேறுவது போராட்டத்தைத் தளரச் செய்யும் என்று கருதினர். கனடாவுக்குள்ளும் கருத்து வேற்றுமை எழுந்தது. அகதிகளுக்காக நன்கொடை திரட்டித் தனிக் குடியிருப்பு அமைக்கும் திட்டத்தை ஹென்றி பிப் என்னும் இதழாசிரியர் ஆதரித்தார். ஷாட் அம்மையாரோ, அகதிகளின் பெயரால் ஊர் ஊராகச் சென்று இரந்து திரிவது அம்மக்களின் மானத்தைக் குலைக்கும் என்றார். தனித்து ஒதுங்கி வாழ்வது விட்டுவந்த பிரிவினையை மீண்டும் நட்டு வளர்ப்பதாகும் என்றார். தம் கருத்தைச் சொல்ல 1853இல் அவரே ஓர் இதழைத் தொடங்கினார். ‘புரொவின்ஷியல் ஃப்ரீமேன்’ என்பது அதன் பெயர். வட அமெரிக்காவில் இதழ் நடத்திய முதல் கறுப்பினப் பெண்மணி அவரே என்பர். அவர் பள்ளிக்கு உதவி வந்த அமெரிக்க அமைப்பு அவ்வாண்டே தன் பொருளுதவியை நிறுத்திக்கொண்டது. கொள்கைக்கு விலை உண்டு என்பதை அவர் அறியாதவரல்லர்.

தனிக் குடியிருப்பு எல்லாம் தாழ்ந்துபோயிற்று என்று கூறவும் இயலாது. வில்லியம் கிங் என்பவர் 1849இல் தொடங்கிய எல்ஜின் குடியிருப்பு 9,000 ஏக்கர் பரப்புடையது. ஒருவருக்கு 50 ஏக்கர். ஏக்கர் ஒன்றுக்கு இரண்டரை டாலர். பத்தாண்டுகளில் செலுத்தித் தீர்க்கலாம். அங்கிருந்த பள்ளியின் தரம் கண்டு அக்கம்பக்கத்து வெள்ளையரும் தம் பிள்ளைகளை அங்கே அனுப்பினர். எனவே வழக்காடிய இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்பதே நம் கருத்து.

பள்ளி என்றதும் அக்கரையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மேல் கனடாவாக இருந்த பகுதியில் 1850இல் இயற்றப்பட்ட பள்ளிச் சட்டம் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி அமைக்க இடம் தந்தது. அவர்கள் விரும்பினால் பெறலாம் என்ற தோற்றத்தில் வந்த விதி, அவர்களைப் பொதுப் பள்ளியிலிருந்து விலக்கும் கருவியாயிற்று. தனிப் பள்ளி உள்ள இடத்தில் அங்கேதான் சேர வேண்டும் என்று 1854இல் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஒன்டாரியோவின் கடைசித் தனிப் பள்ளி மூடப்பட்டது 1965இல்தான்! அடிமைச் சங்கிலி இல்லாத நாட்டிலும் வகுப்பறையின் கதவு அடைபட்டிருந்தது.

எல்லை தரும் பாதுகாப்பும் முழுமையானதாக இல்லை. மிஸௌரியிலிருந்து தப்பியபோது தம்மைப் பிடிக்க வந்தவரைக் குத்திக் கொன்ற ஜான் ஆண்டர்சனைத் திருப்பி அனுப்பலாம் என்று 1860 டிசம்பரில் டொராண்டோ நீதிமன்றமொன்று தீர்ப்புக் கூறியது. 1842ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி கொலைக் குற்றவாளியை ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் வாதம். மக்கள் கொதித்தெழுந்தனர். 1861 பிப்ரவரியில் மற்றொரு நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஓர் உயிர் சட்ட நுணுக்கத்தின் நூலிழையில் தொங்கிற்று.

இனி, காலத்தால் சற்றுப் பின்வருவோம். 1896க்குப் பின் கனடிய அரசு தன் மேற்குப் புல்வெளிகளை மக்களால் நிரப்ப விரும்பி, அமெரிக்காவெங்கும் விளம்பர நூல்களை வாரி இறைத்தது. 10 டாலர் பதிவுக் கட்டணத்துக்கு 160 ஏக்கர் நிலம்! முதல் உலகப் போருக்கு முன்னர் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்காவிலிருந்து சென்றனர். அந்த அழைப்பை நம்பி, ஓக்லஹோமாவில் வாக்குரிமை பறிக்கப்பட்டுத் தவித்த கறுப்பின உழவர்களும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சென்று, ஆல்பர்ட்டாவில் ஆம்பர் வேலி முதலிய ஊர்களை அமைத்தனர். உடனே அழைத்த குரலே மாறிற்று. 1911 ஆகஸ்டில் ஓராண்டுக் காலம் கறுப்பினத்தார் வருகையைத் தடுக்கும் அரசாணை பிறந்தது. அதற்குக் கூறப்பட்ட காரணம் யாது தெரியுமா? அவர்கள் கனடாவின் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவர்கள் என்பதே! 1852இல் ஷாட் அம்மையார் சான்று காட்டி மறுத்த அதே பொய். அன்று போகாதே என்று எசமானன் சொல்லியது, பின்னர் வராதே என்று அரசு சொல்லியதாயிற்று. அவ்வாணை நடைமுறைக்கு வராமலே அவ்வாண்டு அக்டோபரில் நீக்கப்பட்டது. ஆயினும் ஓக்லஹோமாவுக்கே ஆட்களை அனுப்பி, வராதிருக்குமாறு மக்களின் மனத்தைக் கலைத்த வேலை பயனளித்தது, வருகை நின்றது.

மற்றொரு கையேடு 1968 ஜனவரியில் டொராண்டோவில் வெளிவந்தது. வியட்நாம் போருக்கான கட்டாயப் படைச் சேர்ப்பை மறுத்த அமெரிக்க இளைஞர்களுக்காக மார்க் ஸாட்டின் தொகுத்தது அது. அதிலும் குடியேற்றச் சட்டம், வேலை, வீடு, பல்கலைக்கழகம், தட்பவெப்பம் என்னும் அதே தலைப்புகள்! குடிபெயர்வது எல்லோருக்கும் உகந்த வழியன்று என்னும் எச்சரிக்கையும் அதில் உண்டு. 1977 ஜனவரி 21ஆம் நாள் அதிபர் கார்ட்டர் படைச் சேர்ப்பை மறுத்தோருக்கு மன்னிப்பு வழங்கினார். எனினும் பலர் திரும்பவில்லை, அங்கேயே வேர்விட்டுவிட்டனர்.

ஷாட் அம்மையார் திரும்பினார். உள்நாட்டுப் போர் தொடங்கி, அடிமை முறையை ஒழிக்கும் போராக அது மாறியபோது, எல்லை கடந்து சென்று வடபுலப் படைக்கு வீரர்களைச் சேர்த்தார். போருக்குப் பின் வாஷிங்டனில் ஆசிரியராக வாழ்ந்து, 1883இல் அறுபதாம் வயதை எட்டும் நாளில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார், 1893இல் மறைந்தார். அவருடைய தந்தையாரோ கனடாவிலேயே தங்கி, 1859இல் ராலே ஊராட்சி மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஒரே குடும்பத்தில் ஒருவர் தங்கியதும் மற்றொருவர் திரும்பியதும் முரணாகா. இருவரும் தம் பிள்ளைகளும் மாணவர்களும் தலைநிமிர்ந்து வாழத்தக்க இடத்தையே தேடினர்.

புதிய நாடு செல்ல விழைவோர் நில விலையும் கூலியும் கேட்பது இயற்கை. அவற்றோடு மேலும் சில வினாக்களைக் கேட்க வேண்டும் என்பதை 44 பக்கங்களில் அம்மையார் உணர்த்திச் சென்றார்: நம் பிள்ளை எந்தப் பள்ளியில் அமர்வான்? வாக்குச் சாவடியில் நம் பெயர் இருக்குமா? ஊரார் சினம் கொள்ளும் நாளில் சட்டம் யார் பக்கம் நிற்கும்? இவற்றுக்கு விடை அறிந்து புறப்படுவோர், அண்டை நாடாயினும் அயல்நாடாயினும், ஏமாற்றத்தைப் பெரிதும் தவிர்க்கலாம்.