வெப்பவியக்கவியலின் பிறப்பு: கார்னோ முதல் கிளௌசியசு வரை

விஞ்ஞான உண்மைகள் யாவும் பிழையற்ற கொள்கைகளிலிருந்தே பிறந்தன என்று கூறுவதற்கில்லை. தவறான கருத்தொன்றினை அடிப்படையாகக் கொண்டு எழுந்த ஆய்வு, அத்தவறு நீங்கிய பின்னரும் நிலைத்து நிற்கும் உண்மையைத் தந்தமைக்கு வெப்பவியக்கவியலின் தோற்றம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். இத்துறையின் இரண்டாம் விதியின் உட்கருத்து முதலாம் விதிக்கு முன்னரே கண்டறியப்பட்டதென்பதும், அதனைக் கண்டறிந்தவர் அவ்வேளை முதலாம் விதிக்கு மாறான கொள்கையொன்றைக் கைக்கொண்டிருந்தார் என்பதும் ஈண்டு நோக்கற்பாலன.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெப்பம் நிறையற்றதொரு பாய்பொருள் எனப் பெரும்பாலோர் கருதினர். பிரெஞ்சு இரசாயன அறிஞரான லவோசியர் 1789இல் வெளியிட்ட தமது நூலில், ‘கலோரிக்’ எனப்பட்ட இப்பாய்பொருளை மூலகங்களின் பட்டியலிலேயே சேர்த்திருந்தார். கலோரிக் ஆக்கப்படவோ அழிக்கப்படவோ மாட்டாது. ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல மட்டுமே வல்லது என்பது இக்கொள்கையின் சாரம். பீரங்கிக் குழல்களைத் துளையிடும்போது உராய்வினால் வெப்பம் ஓயாது பிறப்பதை மியூனிக் நகரில் அவதானித்த றம்போட் பிரபு, 1798இல் இதனை மறுத்துரைத்தார். எனினும் வெப்பம் பற்றிய பல தோற்றப்பாடுகளைக் கலோரிக் கொள்கை செவ்வனே விளக்கியமையால் அது உடனடியாக வீழ்ந்துவிடவில்லை.

இதே காலத்தில் இங்கிலாந்தின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் நீராவிப்பொறி பெருமாற்றத்தை விளைவித்துக்கொண்டிருந்தது. ஜேம்ஸ் வாற் 1769இல் உரிமம் பெற்ற தனி ஒடுக்கி, எரிபொருட் செலவைப் பெரிதும் குறைத்தது. ஆயின் பொறியைத் திருத்தியமைத்தோர் அனுபவத்தையே வழிகாட்டியாகக் கொண்டனர். அது இயங்கும் தத்துவத்தைப் பொதுமையில் ஆராய்ந்தோர் அரியர். அப்பணியினை மேற்கொண்டவர் சாடி கார்னோ என்னும் பிரெஞ்சு இளைஞராவர்.

1796இல் பாரிசில் பிறந்த சாடி கார்னோவின் தந்தையார் லசார் கார்னோ, பிரெஞ்சுப் புரட்சிக்காலப் படைகளை ஒழுங்கமைத்தவர், கணித அறிஞருமாவார். பாரசீகக் கவிஞர் சாடியின் பெயரையே அவர் தம் மகனுக்கு இட்டார். 1815இல் நெப்போலியன் வீழ்ச்சியுற்றபின் தந்தையார் நாடுகடந்து வாழ நேர்ந்தது. படையிற் பொறியியலாளராகப் பணியாற்றிய மகன், பின்னர் பாரிசில் தங்கித் தம் சிந்தனையை நீராவிப்பொறியின்பாற் செலுத்தினார். இங்கிலாந்தின் வலிமைக்கு அப்பொறியே ஆதாரம் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

1824இல் அவர் வெளியிட்ட ‘நெருப்பின் இயக்கவலு பற்றிய சிந்தனைகள்’ என்னும் 118 பக்க நூல் ஒரு வினாவை எழுப்பியது. வெப்பத்தினாற் பெறத்தக்க வேலைக்கு எல்லை உண்டா? நீராவிக்குப் பதிலாக வளியையோ பிறிதோர் ஆவியையோ பயன்படுத்தின் அவ்வெல்லையைக் கடக்க இயலுமா? கார்னோ இதற்கு நீர்வீழ்ச்சியை உவமையாகக் கொண்டார். நீர் உயரத்திலிருந்து தாழ்விடத்துக்கு விழுந்து சில்லைச் சுழற்றுகின்றது. நீரின் அளவு குறைவதில்லை. அவ்வாறே கலோரிக்கும் உயர் வெப்பநிலையிலுள்ள கொதிகலத்திலிருந்து தாழ் வெப்பநிலையிலுள்ள ஒடுக்கிக்கு ‘விழும்’போது வேலை செய்கின்றது; அதன் அளவும் குறைவதில்லை. வெப்பம் மட்டும் இருந்தாற் போதாது, வெப்பநிலை வேறுபாடும் வேண்டும் என்பது அவர் கண்ட முதலாவது உண்மை. முன்னும் பின்னும் மீளத்தக்கவாறு இயங்கும் பொறியே மிகக் கூடிய வேலையைத் தருமென்பதும், அவ்வேலை பொறியினுள் இயங்கும் பொருளிற் தங்காது இரு வெப்பநிலைகளிலேயே தங்கியுள்ளதென்பதும் இரண்டாவது உண்மை. இதனை மிஞ்சும் பொறி இருப்பின் ஓயா இயக்கம் சாத்தியமாகிவிடும். அது இயலாதென்பதே அவருடைய நிறுவல்.

அந்நூல் அறிஞர் கவனத்தை ஈர்க்கவில்லை. 1832இல் வாந்திபேதி நோய்க்கு ஆளான கார்னோ தமது 36ஆம் வயதிற் காலமானார். தொற்றினை அஞ்சி அவருடைய உடைமைகளிற் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. 1834இல் கிளாப்பெயிரோன் என்னும் பொறியியலாளர், கார்னோவின் கருத்துக்களை வரைபுகளாலும் சமன்பாடுகளாலும் விளக்கிக் கட்டுரை வெளியிட்டிராவிடின் அக்கருத்துக்கள் முற்றாக மறைந்திருத்தல் கூடும்.

இதற்கிடையிற் கலோரிக் கொள்கையின் அடித்தளமே ஆட்டங்கண்டது. 1840இல் ஒல்லாந்தக் கப்பலொன்றின் வைத்தியராக ஜாவாவுக்குச் சென்ற ஜேர்மனியரான மேயர், வெப்பநாட்டில் மாலுமிகளின் நாளக்குருதி வழக்கத்திலும் சிவந்திருக்கக் கண்டு, உடல் வெப்பத்துக்கும் வேலைக்குமுள்ள தொடர்பைச் சிந்திக்கலானார். வெப்பமும் வேலையும் ஒன்றுக்கொன்று நிகரானவை என்ற அவரது கருத்து 1842இல் வெளிவந்தது. மன்செஸ்ரரில் வாழ்ந்த யூல், விழும் நிறைகளாற் சுழலும் துடுப்புச் சில்லைக் கொண்டு நீரைக் கலக்கி, அதனால் உண்டாகும் வெப்பத்தை நுணுக்கமாக அளந்தார். ஓர் இறாத்தல் நீரின் வெப்பநிலையை ஒரு பரனைற்றுப் பாகையால் உயர்த்துவதற்கு, 772 இறாத்தல் நிறையை ஓரடி உயர்த்தும் வேலை வேண்டும் என்பது 1850இல் அவர் வெளியிட்ட முடிவு. வேலை வெப்பமாகின்றதெனின் வெப்பம் ஆக்கப்படாதது என்ற கொள்கை நில்லாது.

1847இல் ஒக்ஸ்போட்டில் நடைபெற்ற பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் கூட்டத்தில் யூலின் உரையைச் செவிமடுத்தோருள் வில்லியம் தொம்சனும் ஒருவர். பிற்காலத்திற் கெல்வின் பிரபு எனப்பட்ட இவர், கார்னோவின் நூல் வெளிவந்த அதே ஆண்டிற் பிறந்தவர். 1845இல் பாரிசுப் புத்தகக் கடைகளில் அந்நூலைத் தேடியும் பெறாதவர். தொம்சனுக்கு இப்போது பெரும் இடர்ப்பாடு தோன்றியது. யூல் கூறுவது உண்மையெனின் கார்னோவின் கட்டடம் சரியவேண்டும். கார்னோ கூறுவது உண்மையெனினோ வேறொரு வினா எழுகின்றது: சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு வெப்பம் திண்மமொன்றினூடாக வாளா கடத்தப்படும்போது, பொறியொன்றின் வழியாகப் பெற்றிருக்கத்தக்க வேலை என்னாயிற்று? 1849இல் கார்னோவின் கொள்கையை விளக்கி எழுதியபோதும் தொம்சனால் இம்முடிச்சை அவிழ்க்க இயலவில்லை.

அதனை அவிழ்த்தவர் ஜேர்மானியரான றூடொல்வ் கிளௌசியசு. கார்னோவின் மூலநூலை அவரும் கண்டிலர். கிளாப்பெயிரோன், தொம்சன் ஆகியோரின் எழுத்துக்கள் வாயிலாகவே அதனை அறிந்திருந்தார். கார்னோவின் கொள்கையில் இரு கூறுகள் பின்னிக் கிடப்பதை 1850இல் அவர் எடுத்துக்காட்டினார். வெப்பம் உயர் வெப்பநிலையிலிருந்து தாழ் வெப்பநிலைக்குச் செல்லவேண்டும் என்பது ஒன்று. அவ்வாறு செல்லும் வெப்பம் சிறிதும் குறைவதில்லை என்பது மற்றொன்று. பின்னதை மட்டும் நீக்கினாற் போதும். பொறி பெறும் வெப்பத்தின் ஒரு பகுதி வேலையாக மாற, எஞ்சியது ஒடுக்கியைச் சேர்கின்றது. வெப்பம் தானாகக் குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்குச் செல்லாது என்னும் கூற்றை அடிப்படையாகக் கொள்ளின், கார்னோவின் நிறுவல் மீண்டும் உயிர்பெறும். 1851இல் தொம்சனும் இதற்கொப்பான முடிவினை அடைந்தார். இவ்வாறு இரு விதிகளும் ஒன்றோடொன்று முரணாது நின்றன.

ஆயின் கலோரிக் மாறாதிருத்தல் பொய்யெனின், இலட்சியப் பொறியில் மாறாதிருப்பது யாது? இதற்கான விடை எண்களாற் தெளிவாகும். 500 கெல்வின் வெப்பநிலையிலிருந்து 1000 யூல் வெப்பத்தைப் பெற்று 300 கெல்வினில் இயங்கும் ஒடுக்கிக்கு விடும் மீளத்தக்க பொறி, 400 யூல் வேலையைத் தந்து 600 யூல் வெப்பத்தை வெளியிடும். வெப்பம் குறைந்துவிட்டது. ஆனால் 1000ஐ 500ஆல் வகுப்பினும் 600ஐ 300ஆல் வகுப்பினும் ஈவு 2 ஆகும். மாறாதிருப்பது வெப்பமன்று; வெப்பத்தைத் தனிவெப்பநிலையால் வகுத்துப் பெறும் கணியமேயாம். 1865இல் கிளௌசியசு இக்கணியத்துக்கு, மாற்றம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரமைத்தார். அதுவே எந்திரப்பி.

தொம்சனின் வினாவுக்கும் இங்கேயே விடை உண்டு. அதே 1000 யூல் வெப்பம் பொறியின்றி நேராகக் கடத்தப்படின், சூடான பொருள் இழக்கும் எந்திரப்பி 2 அலகு. குளிர்ந்த பொருள் பெறுவதோ 1000ஐ 300ஆல் வகுத்த 3.33 அலகு. எனவே 1.33 அலகு எந்திரப்பி புதிதாகப் பிறந்துள்ளது. இதன் திருத்தமான பெறுமானமாகிய மூன்றில் நான்கினை 300ஆற் பெருக்கினால் 400 வரும். கைதவறிப்போன வேலையின் அளவும் அதுவே. சத்தி அழியவில்லை, அதன் பயன்படுதன்மையே குன்றியது. அண்டத்தின் சத்தி மாறாதது, அதன் எந்திரப்பியோ உச்சத்தை நாடுவது எனக் கிளௌசியசு இரு விதிகளையும் தொகுத்துரைத்தமை இதனாலேயே.

கார்னோவின் எஞ்சிய குறிப்புகளை அவருடைய சகோதரர் 1878இல் வெளியிட்டபோது அறிஞர் வியப்புற்றனர். கலோரிக் கொள்கையைக் கார்னோ தாமே கைவிட்டு, வெப்பம் இயக்கத்தின் ஒரு வடிவம் எனக் கொண்டு, வேலைக்கு நிகரான வெப்பத்தின் அளவையும் மதிப்பிட்டிருந்தார். அவர் நீடு வாழ்ந்திருப்பின் பிற்பட்டோரின் பல்லாண்டு உழைப்பு சுருங்கியிருத்தல் கூடும். எனினும், 1824ஆம் ஆண்டு நூலின் பெருமை இதனாற் குன்றுவதில்லை. பிழையான கொள்கையை வைத்துக்கொண்டே இயற்கையிடம் சரியான வினாவை எழுப்பியவர் அவர். உண்மையை முழுமையாகத் தள்ளாமலும் பிழையை முழுமையாகக் கொள்ளாமலும் பிரித்தறிந்தவர் கிளௌசியசு. விஞ்ஞானம் வளர்வதற்கு இவ்விருவகை ஆற்றலும் வேண்டும் என்பதே வெப்பவியக்கவியலின் பிறப்பு உணர்த்தும் பாடமாகும்.