கங்காணி முதல் கோச் வரை: துணைநிற்கும் தொழில்களின் வரலாறு



வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுமையாகத் திறக்கப்படுவதற்கு முன்பு, கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் ஜொகூர் பாருவுக்கோ சிங்கப்பூருக்கோ போனவர்களைக் கேட்டுப் பாருங்க, யோங் பெங் ஊரை மறந்திருக்க மாட்டார்கள். பழைய சாலையில் பேருந்து நின்று, ஆட்கள் இறங்கிச் சாப்பிட்டு, மறுபடி ஏறுகிற ஊர் அது. சுற்றிலும் ரப்பர், பிறகு செம்பனை. அந்தத் தொலைதூரப் பேருந்துக்கு ஆங்கிலத்தில் கோச் என்று பெயர். இன்று பெரிய நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரோடு தனியாக உட்கார்ந்து பேசிக் கட்டணம் வாங்குகிறவரையும் கோச் என்றுதான் அழைக்கிறார்கள். இரண்டும் ஒரே சொல்தான்.

ஹங்கேரி நாட்டில் கோச் என்று ஒரு சிற்றூர் உண்டு. 15-ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரை வண்டிகள் பேர் பெற்றவை, ஊர்ப் பெயரே வண்டிக்குப் பெயராகிவிட்டது. 1830-களில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தங்களைத் தேர்வுக் கரைக்கு ஏற்றிக்கொண்டு போகும் தனி ஆசிரியரைக் கேலியாக கோச் என்றார்கள். நம்ம பாஷையில் சொன்னால் டியூஷன் வாத்தியார். பிறகுதான் அந்தச் சொல் விளையாட்டு மைதானத்துக்குப் போனது. ஆக, மாணவர்களே, கோச் என்பவர் முதலில் உங்களுக்காகத்தான் பிறந்தார். மேலாளர்களுக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்றரை நூற்றாண்டு கழித்து.

இந்தக் கட்டுரைக்கு ஒரு காரணம் உண்டு. கோச்சிங், மென்டோரிங், கவுன்சலிங், தன்முனைப்புப் பயிற்சி ஆகிய நான்கு சொற்களும் இப்போது நம் பள்ளி அறிக்கைகளில் ஒன்றுக்கொன்று மாற்றாக எழுதப்படுகின்றன. எழுதுகிறவருக்கு அது சின்ன விஷயம். உதவி கேட்டு வந்து உட்கார்ந்திருப்பவருக்கு அப்படியில்லை. அவர் சொல்வது யாருடைய காதுக்குப் போகும் என்பது, எதிரே இருப்பவர் இந்த நால்வரில் யார் என்பதைப் பொறுத்தது.

நம் தோட்டங்களிலிருந்து தொடங்குவோம். யோங் பெங் வட்டாரத்திலும் மற்ற ரப்பர் தோட்டங்களிலும் தொழிலாளிக்குக் கஷ்டம் வந்தால் அவர் முதலில் போய் நின்றது கங்காணி வீட்டு வாசலில். ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தவர் அவர். கடன் கொடுப்பார், கல்யாணம் பேசுவார், புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்ப்பார், துரையிடம் போய்ப் பேசுவார். அறிவுரையாளர், நடுவர், மேற்பார்வையாளர் எல்லாம் ஒருவரே. ஆனால் அவருக்குக் காசு எங்கிருந்து வந்தது? ஆள் சேர்த்ததற்குத் தோட்டம் தரகு கொடுத்தது. அதோடு, பெரட்டுக்கு எத்தனை பேர் வந்து நின்றார்களோ அத்தனைக்கும் தலைக்காசு கொடுத்தது. ஒருவர் உடம்பு சரியில்லாமல் லயத்திலேயே படுத்துவிட்டால் கங்காணிக்கும் அன்று வருமானம் குறையும். அப்படிப்பட்டவரிடம் போய் 'முடியவில்லை' என்று எவ்வளவு தூரம் மனம் திறந்து சொல்ல முடியும்?

கங்காணிகள் எல்லோரும் கொடியவர்கள் என்று எழுதுவது சுலபம். பல தேர்வுத் தாள்களில் அப்படித்தான் எழுதப்படுகிறது. அது அரைகுறையான விடை. மனிதர் நல்லவராக இருந்தாலும் சம்பள ஏற்பாடு அவரைத் துரை பக்கம் இழுத்தது என்று எழுதினால்தான் அது வரலாற்று விளக்கம் ஆகும்.

கங்காணியைத் தவிரக் கிராணி கடிதமும் மனுவும் எழுதிக் கொடுப்பார், டிரெஸ்ஸர் மருந்தோடு ஆறுதலும் சொல்வார். கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என்றது. ஜொகூரிலும் அதையொத்த சட்டம் வந்தது. அப்படித் தொடங்கிய பள்ளிகள் பலவற்றில் கங்காணியோ கிராணியோதான் பகுதிநேர வாத்தியார். தமிழாசிரியரிடம் ஊர் மக்கள் பள்ளிக்குச் சம்பந்தமில்லாத காரியங்களுக்கும் வந்து நிற்கும் வழக்கத்துக்கு அடி அங்கே இருக்கிறது.

தோட்டத்திடம் சம்பளம் வாங்காத உதவியாளர் இருந்தாரா? அதே 1923-இல் இந்திய அரசு மலாயாவுக்கென ஒரு முகவரை நியமித்தது. அவர் தோட்டங்களுக்குப் போய்ப் புகார் கேட்கலாம், ஆனால் உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. 1936-இன் இறுதியில் வந்து நிலைமையைப் பார்த்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, கங்காணி வழியாக ஆள் எடுப்பதை நிறுத்தலாம் என்று பரிந்துரைத்தார். 1938-இல் இந்தியா அந்தக் குடியேற்றத்துக்குத் தடை விதித்தது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதன் பிறகு, தொழிலாளியின் சந்தாவிலிருந்தே சம்பளம் வாங்கி அவருக்காகப் பேசும் ஒருவர் கிடைத்தார்.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு சோதனை நடந்தது. சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் ஆலையில் 1928 முதல் சுமார் இரண்டு ஆண்டுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பேட்டி கண்டார்கள். ஆரம்பத்தில் கேள்விப் பட்டியல் வைத்துக் கேட்டார்கள், சரிவரவில்லை. பட்டியலை மூடி வைத்துவிட்டு, சொல்வதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தபோது மனிதர்கள் பேசினார்கள். 1936-இல் அங்கே முழுநேர ஆலோசகர்களையே வேலைக்கு வைத்தார்கள். அவர்கள் கேட்பார்கள், கேட்டதை மேலாளரிடம் சொல்ல மாட்டார்கள், எதையும் மாற்றும் அதிகாரமும் அவர்களுக்கு இல்லை. இருபது ஆண்டுகளில் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. நிறுவனம் சம்பளம் கொடுக்கிறது, ரகசியமோ தொழிலாளியுடையது. அந்த முடிச்சு அங்கேயும் முழுதாக அவிழவில்லை. நான் இதைக் கோச்சிங்கின் தாத்தா என்பேன். கோச்சிங் வரலாறு எழுதுகிறவர்கள் பலர் நேராக டென்னிஸ் மைதானத்துக்குப் போய்விடுகிறார்கள்.

சரி, நாமும் அங்கே போவோம். 1974-இல் திமோதி கால்வே டென்னிஸ் ஆட்டத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆட்டக்காரரின் எதிரி வலைக்கு அப்பால் மட்டும் இல்லை, அவர் தலைக்குள்ளும் இருக்கிறான் என்பது அவர் கருத்து. 'இப்படி அடி' என்று கத்துவதைவிட 'பந்து எங்கே விழுந்தது, கவனித்தாயா?' என்று கேட்பது பலன் தரும் என்றார். கார் பந்தய வீரராக இருந்த சர் ஜான் விட்மோர் இதை இங்கிலாந்தில் நிறுவன மேலாளர்களிடம் கொண்டுபோனார். 1992-இல் வந்த அவருடைய நூல் வழியாகத்தான், இலக்கு என்ன, நிலைமை என்ன, வழிகள் எவை, எதைச் செய்யப் போகிறாய் என்ற நான்கு கேள்விகள் உலகம் சுற்றின. நம் பயிற்சிப் பட்டறைகளில் 'குரோ' என்று சொல்லித் தருவது அதுவேதான். 1995-இல், நிதி ஆலோசகராக இருந்த தாமஸ் லியனார்ட் அமெரிக்காவில் அனைத்துலகக் கோச் கூட்டமைப்பைத் தொடங்கினார். தொழிலாக அதன் வயது அவ்வளவுதான்.

மலேசியாவில் கவுன்சலிங் இதைவிட மூத்தது. 1960-களின் முற்பகுதியிலேயே கொழும்புத் திட்ட நிபுணரின் உதவியோடு கல்வி அமைச்சு பள்ளிகளில் வழிகாட்டல் சேவையைத் தொடங்கியது. நெடுங்காலம் அது பாட ஆசிரியரின் தலையில் கூடுதல் சுமையாகத்தான் இருந்தது. 1996-இல்தான் இடைநிலைப் பள்ளிகளுக்கு முழுநேர ஆலோசக ஆசிரியர்கள் வந்தார்கள். 1998-இல் ஆலோசகர் சட்டம், அதாவது சட்டம் 580, நிறைவேறியது. தேர்வு எழுதுகிறவர்கள் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவும் நடைமுறைச் சான்றிதழும் இல்லாத ஒருவர் தம்மை ஆலோசகர் என்று அழைத்துக்கொள்வது அன்றிலிருந்து குற்றம். மருத்துவமனை சார்ந்த உளவியலாளர்கள் 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்துக்குள் வருகிறார்கள். கோச் என்ற பெயருக்கு இப்படி ஒரு வேலி கிடையாது. சங்கங்களும் சான்றிதழ்களும் உண்டு, நல்ல கோச்சுகளும் உண்டு. ஆனால் இன்று மாலை நீங்கள் பெயர் அட்டை அச்சடித்துக்கொண்டால் நாளைக் காலை நீங்களும் கோச்தான்.

வேறுபாட்டை ஓர் ஆளை வைத்துப் பார்ப்போமா? இவர் கற்பனைத் தலைமையாசிரியர். தோட்டம் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்துக்குப் போய்விட்டன. பள்ளியில் முப்பது பிள்ளைகள்கூட இல்லை. 'அடுத்த வருஷம் முதலாம் ஆண்டுக்கு யாராவது வருவாங்களா' என்ற கவலையில் தூக்கம் போய்விட்டது. கல்வி ஆலோசக நிறுவனம் ஒன்றைக் கூப்பிட்டால், எண்ணிக்கைகளைப் பார்த்து 'பாலர் பள்ளி தொடங்குங்கள், பேருந்து ஏற்பாடு செய்யுங்கள்' என்று விடையையே கையில் கொடுக்கும். அனுபவமுள்ள மூத்த தலைமையாசிரியர் மென்டோராக வந்தால் 'நான் இருந்த பள்ளியில் இப்படித்தான் செய்தேன் சார்' என்பார். கோச் விடை சொல்ல மாட்டார், தம் கதையையும் சொல்ல மாட்டார். 'இதில் உங்கள் கையில் இருப்பது எது? வெள்ளிக்கிழமைக்குள் எதைச் செய்வீர்கள்?' என்று கேட்பார். ஆள் நிமிர்ந்து நிற்கிறார், திசைதான் வேண்டும் என்றால் இது அருமையான உதவி. ஆனால் அந்தத் தூக்கமின்மை மூன்று மாதமாக நீடித்து, சாப்பாடு இறங்காமல், 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்று அவர் சொல்லத் தொடங்கிவிட்டார் என்றால்? அப்போது இலக்கு கேட்பது தவறு, ஆபத்தும்கூட. அவர் ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ போக வேண்டும். அந்த இடத்தை அடையாளம் கண்டு 'இது என் வேலை இல்லை, வாங்க, நான் அழைத்துப் போகிறேன்' என்று சொல்லத் தெரிவதுதான் கோச்சுக்கு இருக்க வேண்டிய முதல் தகுதி என்று நினைக்கிறேன். சான்றிதழ் எல்லாம் அதற்குப் பிறகு.

தன்முனைப்புப் பேச்சாளரை விட்டுவிட்டேன் என்று கேட்காதீர்கள். 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். கைவிடப்படும் வரை எத்தனை முகாம்கள்! விளக்கை அணைத்து, பாட்டுப் போட்டு, பிள்ளைகளை அழவைத்து, அம்மா அப்பா காலில் விழவைத்து அனுப்பினோம். அழுத பிள்ளைகளில் யாருக்கு வீட்டில் உண்மையிலேயே துயரம் இருந்தது என்று மறுநாள் விசாரித்தவர்கள் எத்தனை பேர்?

இப்போது நமக்கு மிக அருகில் இருக்கும் விஷயத்துக்கு வருவோம். 2013–2025 மலேசியக் கல்வி மேம்பாட்டுத் திட்டம், நிறுவனங்களின் நிர்வாகக் கோச்சிங் முறையைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. மாவட்ட உருமாற்றத் திட்டம் முதலில் கெடாவிலும் சபாவிலும் சோதிக்கப்பட்டு, 2014-இல் நாடு முழுவதும் விரிந்தது. அதன்படி ஆசிரியர்களுக்கு எஸ்.ஐ.எஸ்.சி. பிளஸ், பின்தங்கிய பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கு எஸ்.ஐ.பி. பிளஸ் என்று இரண்டு வகைக் கோச்சுகள் மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து வருகிறார்கள். யோங் பெங் என்றால் பத்து பகாட் மாவட்ட இலாகா. நோக்கம் நல்லது. மலை உச்சிப் பயிற்சி நிலையத்தில் மூன்று நாள் உட்காரவைப்பதைவிட, ஆசிரியரின் வகுப்பறைக்கே வந்து கூட இருந்து பேசுவது எவ்வளவோ மேல்.

சிக்கல் பழைய சிக்கல்தான். கோச் வருவது இலாகாவிலிருந்து, அவருக்குச் சம்பளமும் அங்கிருந்து, பள்ளியின் தர அணியைப் பார்ப்பதும் அதே இலாகா. 'எனக்கு இந்தப் பாடத்தை நடத்தத் தெரியவில்லை' என்று ஓர் ஆசிரியை மனம் திறந்தால், அந்த வாக்கியம் எந்தக் கோப்பில் போய் உட்காரும்? இதை வந்தவர் மீது குற்றமாகச் சொல்லவில்லை. பெரட்டுக் களத்துக் கங்காணிக்கும் ஹாதோர்ன் ஆலோசகருக்கும் இருந்த அதே இரட்டை நிலை இது. தனியார் நிறுவனங்களில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கட்டணம் கட்டும் நிறுவனம், கோச், பயிற்சி பெறுபவர் மூவரும் முதல் நாளே உட்கார்ந்து, எது வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று எழுதிக்கொள்வார்கள். நம் பள்ளிகளில் நான் பார்த்தவரை வருகைப் பாரம் இருக்கிறது, அப்படி ஒரு தாள் இல்லை.

வள்ளுவர் 45-ஆம் அதிகாரத்துக்கு 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று தலைப்பு வைத்தார். கோடல் என்றால் கொள்ளுதல். துணையைத் தேடித் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் பொறுப்பு அங்கே மன்னனுடையது, யாரும் அனுப்பிவைப்பதில்லை. அந்தத் துணை, தவறினால் இடித்துச் சொல்லும் துணையும்கூட. கேள்வி மட்டும் கேட்கும் இன்றைய கோச் அதைச் செய்ய மாட்டார். எஸ்.டி.பி.எம். மாணவர்கள் இந்த ஒப்பீட்டை விரித்து எழுதிப் பார்க்கலாம். ஆசிரியர்களுக்கு ஒரு கோரிக்கை: அடுத்த முறை கோச் உங்கள் வகுப்புக்கு வந்தால், தேநீர் கொடுத்துவிட்டு முதல் கேள்வியை நீங்கள் கேளுங்கள். 'சார், இன்றைக்கு நாம் பேசுவதை யார் யார் படிப்பார்கள்?'