இறங்கியபோது விலகாதவர்கள்

எஃப்.சி. கைசர்ஸ்லாட்டர்ன் கால்பந்துக் கழகத்தின் 1997–98 பருவத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1997 ஆகஸ்டில் தொடங்கி 1998 மே மாதத்தில் முடித்துவிடுகிறார்கள். இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி வந்த அணி, ஏறிய முதல் ஆண்டிலேயே ஜெர்மனியின் சாம்பியன் ஆனது. ஜெர்மனியின் முதல் பிரிவான புண்டஸ்லிகாவின் வரலாற்றில் அதற்கு முன்போ பின்போ வேறெந்த அணிக்கும் அது கைகூடவில்லை. இவ்வளவு பெரிய செய்தி கையில் இருக்கும்போது அதற்கு முந்திய கதையைத் தேடிப் போக யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் ஒரு கழகத்தின் வரலாற்றை எழுதுவதென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பட்டத்துக்கான வேலை 1996 மே மாதத்திலேயே, கழகம் கண்ணீரோடு கீழே இறங்கிய அந்த வாரத்திலேயே தொடங்கிவிட்டது.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் தென்மேற்கில் ஃபால்ஸ் என்ற காடு சூழ்ந்த வட்டாரத்தில், ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழும் தொழில் நகரம் கைசர்ஸ்லாட்டர்ன். ஃபாஃப் தையல் இயந்திரம் பிறந்த ஊர் அது. ஓப்பல் கார் நிறுவனத்துக்கு அங்கே ஆலை உண்டு. பக்கத்திலேயே ராம்ஸ்டைனில் அமெரிக்க விமானப் படைத் தளம். மியூனிக், ஹாம்பர்க் போன்ற பெருநகரங்களின் கழகங்களோடு மோத வேண்டிய கழகத்துக்கு இது மிகச் சிறிய ஊர். ரயில் நிலையத்துக்கு மேலே எழும் பெட்சன்பெர்க் என்ற குன்றின் உச்சியில் மைதானம் இருக்கிறது. ஊரார் குன்றையும் மைதானத்தையும் சேர்த்து ‘பெட்சே’ என்றே அழைக்கிறார்கள். ஆட்ட நாளில் சிவப்புச் சட்டையும் சிவப்புத் துண்டுமாக ஊரே அந்தக் குன்றில் ஏறும். அங்கே வந்து ஆட பெரிய அணிகளும் தயங்கிய காலம் உண்டு.

1900ஆம் ஆண்டைத் தன் பிறப்பாண்டாகக் கொள்ளும் இந்தக் கழகத்தின் குணத்தை உருவாக்கியவர் ஃபிரிட்ஸ் வால்டர். 1951, 1953 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கைசர்ஸ்லாட்டர்னை ஜெர்மன் சாம்பியனாக்கியவர். 1954 ஜூலை 4 அன்று பெர்ன் நகரில் ஹங்கேரியை 3–2 என்று வென்று உலகக் கோப்பையைத் தூக்கிய மேற்கு ஜெர்மனி அணியின் தலைவரும் அவரே. அன்று களமிறங்கிய பதினோரு பேரில் ஐந்து பேர் இந்தச் சிறு நகரத்தின் கழகத்தவர்: ஃபிரிட்ஸ், அவருடைய தம்பி ஓட்மார், ஹோர்ஸ்ட் எக்கல், வெர்னர் லீப்ரிஷ், வெர்னர் கோல்மையர். ஸ்பெயினின் அட்லெட்டிகோ மாட்ரிட் பெரும் பணத்தோடு அழைத்தபோதும் ஃபிரிட்ஸ் வால்டர் ஊரை விட்டுப் போகவில்லை. 1985இல் மைதானத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். உலகக் கோப்பையை வென்று தந்தார் என்பது மட்டும் அதற்குக் காரணமல்ல. போகாமல் இருந்தார் என்பதும் காரணம் என்றே நான் கருதுகிறேன்.

1963இல் புண்டஸ்லிகா தொடங்கியபோது இடம்பெற்ற 16 கழகங்களில் கைசர்ஸ்லாட்டர்னும் ஒன்று. 33 பருவங்கள் ஒருமுறைகூட இறங்காமல் ஆடியது. 1991இல் மீண்டும் பட்டமும் வென்றது. அப்படிப்பட்ட கழகம் 1995–96 பருவத்தில் தடுமாறியது எப்படி என்பதை எண்களே சொல்கின்றன. 34 ஆட்டங்களில் 10இல்தான் தோல்வி. ஆனால் வெற்றி 6 மட்டுமே, மீதி 18 ஆட்டங்களும் டிரா. வெற்றிக்கு மூன்று புள்ளி என்ற புதிய முறை புண்டஸ்லிகாவில் நடைமுறைக்கு வந்தது அந்தப் பருவத்தில்தான். டிராவை வைத்துக் காலம் தள்ளலாம் என்ற பழைய கணக்கு அதோடு பொய்த்தது. பருவத்தின் நடுவே பயிற்சியாளரை மாற்றியும் பயனில்லை.

மே 18 அன்று கடைசி ஆட்டம் லெவர்குசன் நகரில். தோற்றவர் இறங்க வேண்டியதுதான் என்ற நிலையில் இரு அணிகளும் மோதின. பாவெல் கூகாவின் கோலால் கைசர்ஸ்லாட்டர்ன் முன்னிலை பெற்றது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது லெவர்குசன் சமன் செய்தது. 1–1. பருவத்தின் பதினெட்டாவதான அந்த ஒரு டிரா கழகத்தை இரண்டாம் பிரிவுக்குத் தள்ளியது. ஆறு ஆண்டுகளுக்கு முன் ரோம் நகரில் பெனால்ட்டி அடித்து ஜெர்மனிக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்த ஆண்ட்ரியாஸ் பிரேமே, தொலைக்காட்சிக் கேமரா முன்னால் லெவர்குசன் வீரர் ரூடி ஃபோலரின் தோளில் சாய்ந்து விம்மி விம்மி அழுதார். இருவரும் அந்த உலகக் கோப்பை அணியில் ஒன்றாக ஆடியவர்கள். ஜெர்மனியில் கால்பந்து பார்க்கிறவர்கள் யாரும் அந்தக் காட்சியை மறக்கவில்லை.

ஒரே வாரம். மே 25 அன்று பெர்லினில் ஜெர்மன் கோப்பை இறுதியாட்டத்தில் இதே அணி கார்ல்ஸ்ரூவைச் சந்தித்தது. மார்ட்டின் வாக்னர் அடித்த ஒரே கோலால் கோப்பை கைசர்ஸ்லாட்டர்னுக்கு வந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகளில் முதல்முறையாக இறங்கியவர்கள், ஏழே நாளில் கோப்பையோடு ஊர் திரும்பினார்கள். விளையாட்டில் நான் அறிந்தவரை இத்தனை கசப்பையும் இத்தனை இனிப்பையும் ஒரே வாரத்தில் விழுங்கிய கழகங்கள் மிகச் சில.

நம் ஊர் டிவிஷன் லீக்குகளில் ஏறி இறங்கிய கழகத்தார் அறிவார்கள்: இறங்கிய மறுநாள் அணி கலையத் தொடங்கும். நல்ல வீரனுக்கு வேறிடத்திலிருந்து அழைப்பு வரும், அவன் போவதைக் குற்றம் சொல்லவும் முடியாது. கைசர்ஸ்லாட்டர்னிலும் அதுதான் நடந்திருக்க வேண்டும். ஆனால் அணியின் முதுகெலும்பு நின்றது. பிரேமே தங்கினார், அப்போது அவருக்கு வயது 35. கோல்கீப்பர் ஆண்ட்ரியாஸ் ரைன்கே தங்கினார். வாக்னர், ஆக்சல் ரோஸ், ஹாரி கோச், ஓலாஃப் மார்ஷல் தங்கினார்கள். செக் நாட்டவர்களான மிரோஸ்லாவ் கட்லெட்ஸும் கூகாவும் தங்கியதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. அந்த ஜூன் மாதம் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் பிரான்சுக்கு எதிராக வெற்றியை முடிவுசெய்த பெனால்ட்டியை அடித்தவர் கட்லெட்ஸ். ஜூன் 30 அன்று லண்டன் வெம்பிளி மைதானத்தில் இருவரும் இறுதியாட்டம் ஆடினார்கள். அடுத்த சில வாரங்களில் ஜெர்மனியின் இரண்டாம் பிரிவில் ஆடுவதற்காக பெட்சன்பெர்க்குக்குத் திரும்பினார்கள்.

பயிற்சியாளராக வந்தவர் ஓட்டோ ரெஹாகல். எசன் நகரத்துக்காரர். சுவருக்கு வண்ணம் பூசும் தொழில் கற்றவர். 1960களின் பிற்பகுதியில் இதே கைசர்ஸ்லாட்டர்னுக்குத் தடுப்பாட்டக்காரராக ஆடியவர். பிறகு வெர்டர் பிரேமன் கழகத்தைப் பதினான்கு ஆண்டுகள் நடத்தி இரண்டு பட்டங்கள் வாங்கித் தந்தார். 1995இல் பேயர்ன் மியூனிக் அவரை அழைத்துக்கொண்டது. ஓர் ஆண்டு முடிவதற்குள், யூஃபா கோப்பை இறுதியாட்டத்துக்குச் சில நாட்களே இருந்தபோது, அங்கிருந்து நீக்கப்பட்டார். அவர் கொண்டுசேர்த்த அணி அவர் இல்லாமலே அந்தக் கோப்பையை வென்றது. ஆக, 1996 கோடையில் பெட்சன்பெர்க்கில் சந்தித்துக்கொண்டவை இரண்டும் அடிபட்ட தரப்புகள்: தரம் இறங்கிய ஒரு கழகம், பதவி பறிக்கப்பட்ட ஒரு பயிற்சியாளர்.

இரண்டாம் பிரிவுப் பருவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 68 புள்ளிகளோடு முதலிடம். கடைசி ஆட்டத்தில் மெப்பன் அணியை 7–6 என்று வென்றார்கள். பதிமூன்று கோல் விழுந்த அந்த ஆட்டம் ஊருக்குத் திருவிழாவாக முடிந்தது. ஆனால் அந்த ஓராண்டில் ஒன்று நடந்தது. ஏற்கெனவே ஒன்றாக ஆடிய வீரர்கள், வாரந்தோறும் ஜெயித்துப் பழகினார்கள். முந்திய பருவத்தில் 34 ஆட்டத்தில் ஆறே ஆட்டங்களை வென்ற அணிக்கு அந்தப் பழக்கம்தான் தேவைப்பட்டது.

ஏறிய பிறகு ரெஹாகல் அணியைப் பிரித்துப் போட்டுப் புதிதாகக் கட்டவில்லை, சில இடங்களை மட்டும் நிரப்பினார். சுவிட்சர்லாந்து நடுக்கள ஆட்டக்காரர் சிரியாகோ ஸ்ஃபோர்சா இன்டர் மிலானிலிருந்து திரும்பி வந்தார். அவரும் முன்பு பெட்சன்பெர்க்கில் ஆடியவரே. பேயர்னில் ரெஹாகலின் கீழும் ஆடியிருந்தார். பல்கேரியாவிலிருந்து மரியான் ஹிரிஸ்தோவ், ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஆண்ட்ரியாஸ் புக் வந்தார்கள். கெம்னிட்ஸ் கழகத்திலிருந்து இருபது வயது இளைஞர் ஒருவரையும் எடுத்தார்கள். அவர்தான் மிஷாயேல் பாலாக், பின்னாளில் ஜெர்மனியின் அணித் தலைவர். அந்தப் பருவத்தில் அவர் பெரும்பாலும் மாற்று வீரராகவே இறங்கினார்.

முதல் ஆட்டமே மியூனிக்கில், பேயர்னுக்கு எதிராக. 1997 ஆகஸ்ட் 2. தன்னை வெளியே அனுப்பிய கழகத்தின் மைதானத்துக்கு, இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி வந்த அணியோடு போனார் ரெஹாகல். எண்பதாம் நிமிடத்தில் ஸ்ஃபோர்சா உயர்த்தி அடித்த பந்தை டென்மார்க் வீரர் மிக்கேல் ஷோன்பெர்க் தலையால் முட்டி வலைக்குள் அனுப்பினார். 1–0. நாடே திரும்பிப் பார்த்தது. ஆனாலும் அது ஒரு நாள் அதிர்ஷ்டம் என்றே பலரும் கருதினார்கள். நான்காவது வாரத்துக்குள் கைசர்ஸ்லாட்டர்ன் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது, பிறகு கடைசிவரை அங்கிருந்து இறங்கவில்லை. டிசம்பரில் பேயர்ன் பெட்சன்பெர்க்குக்கு வந்தபோது 2–0 என்று மறுபடியும் தோற்றது.

அவர்கள் ஆடிய முறையில் புதுமை எதுவும் இல்லை. ஐரோப்பா முழுதும் தடுப்பாட்டக்காரர்கள் நால்வரையும் ஒரே கோட்டில் நிறுத்தும் வழக்கம் பரவிக்கொண்டிருந்த காலம். ரெஹாகல் தனக்குத் தெரிந்த பழைய வழியிலேயே நின்றார்: பின்னால் தனியாக நின்று ஆட்டத்தைப் படிக்கும் ஒரு லிபரோ, எதிரணி முன்கள வீரர் ஒவ்வொருவரையும் ஒட்டிக்கொண்டு நிற்க ஆள், இரு ஓரங்களிலிருந்தும் உயரப் பந்து. இடப்பக்கம் வாக்னர், வலப்பக்கம் புக் அல்லது பிரேசில்காரர் ராட்டின்யோ, நடுவே ஸ்ஃபோர்சா. முன்னால் நெடிய உருவம் மார்ஷல். அவர் கிழக்கு ஜெர்மனியில் பிறந்து அந்த நாட்டுக்காகவும் ஆடியவர், நாடுகள் ஒன்றான பிறகு மேற்கே வந்தவர். அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்தார். லீக்கில் அவரைவிட அதிகம் அடித்தவர் லெவர்குசனின் உல்ஃப் கிர்ஸ்டன் ஒருவரே, அதுவும் ஒரே ஒரு கோல்தான் கூடுதல். 32 வயதில் மார்ஷல் 1998 உலகக் கோப்பைக்கான ஜெர்மனி அணியில் இடம்பெற்றார். பழைய பாணி என்று அந்த ஆட்டத்தைக் குறைத்துச் சொன்னவர்கள் உண்டு. பல ஆண்டுகள் ஒன்றாக ஆடியவர்களுக்கு ஒருவர் எங்கே நிற்பார் என்பது மற்றவருக்குத் தெரியும். அந்தத் தெரிதல் இருக்கும்போது பாணி பழையதா புதியதா என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

துரத்தியது பேயர்ன். அங்கே பயிற்சியாளர் இத்தாலியின் ஜோவன்னி டிராபட்டோனி. மார்ச் மாதம் ஷால்கவிடம் தோற்ற இரண்டு நாள் கழித்து, தன் வீரர்கள்மீது அவர் பத்திரிகையாளர் கூட்டத்தில் கொதித்தது ஜெர்மனி முழுதும் பேசப்பட்டது. எங்கள் தரப்பில் சத்தம் இல்லை என்று பெட்சன்பெர்க் ரசிகர்கள் சொல்லிக்கொள்ள அந்த மார்ச் மாதம் நல்ல காரணம் தந்தது. பருவம் முழுக்க நான்கே தோல்விகள்.

1998 மே 2. கடைசிக்கு முந்திய வாரம். பெட்சன்பெர்க்கில் எதிரணி வொல்ஃப்ஸ்பர்க். முந்திய ஆண்டு கைசர்ஸ்லாட்டர்னோடு சேர்ந்து இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி வந்த அணி அது. அதே நேரம் டூயிஸ்பர்க் நகரில் பேயர்ன் ஆடிக்கொண்டிருந்தது. இங்கே கைசர்ஸ்லாட்டர்ன் 4–0 என்று வென்றது, அங்கே பேயர்ன் 0–0 என்று முடித்தது. ஒரு வாரம் மீதமிருக்கும்போதே பட்டம் உறுதியானது. அடுத்த வாரம் ஹாம்பர்க்கில் 1–1. இறுதிக் கணக்கு 68 புள்ளி, பேயர்னுக்கு 66. முந்திய ஆண்டு இரண்டாம் பிரிவில் வென்றபோதும் அதே 68தான். லெவர்குசனில் அழுத பிரேமே 37 வயதில் ஜெர்மன் சாம்பியனாக ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். இந்தப் பட்டத்தைப் பார்க்க ஃபிரிட்ஸ் வால்டரும் உயிரோடு இருந்தார். அவருக்கு அப்போது 77 வயது.

அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக்கில் பென்ஃபிகா, பி.எஸ்.வி. ஐந்தோவன் இருந்த பிரிவில் முதலிடம் பிடித்துக் காலிறுதிவரை போனார்கள். அங்கே எதிரே வந்தது பேயர்ன், இம்முறை இரண்டு ஆட்டத்திலும் பேயர்னே வென்றது. 1999இல் பாலாக் லெவர்குசனுக்குப் போனார். 2000 அக்டோபரில் ரெஹாகல் விலகினார். நான்காண்டு கழித்து கிரீஸ் நாட்டை ஐரோப்பிய சாம்பியனாக்கினார்.

கழகத்தின் பிற்காலம் துயரமானது, அதையும் எழுதத்தான் வேண்டும். 2006 உலகக் கோப்பைக்காக மைதானத்தைப் பெரிதாக்கிய செலவும், பட்டம் தந்த மிதப்பில் செய்த செலவுகளும் சேர்ந்து கடனில் தள்ளின. 2003இல் மைதானமே கழகத்தின் கையை விட்டுப் போனது. உலகக் கோப்பை ஆட்டங்கள் பெட்சன்பெர்க்கில் நடந்த அதே 2006இல், அதற்குச் சில வாரங்கள் முன், கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 2010இல் ஏறி, முதல் பருவத்தில் ஏழாம் இடம் பிடித்து, 2012இல் மறுபடி இறங்கியது. 2018இல் மூன்றாம் பிரிவு. 2020இல் திவால் நடவடிக்கை. இந்த இறக்கங்களில் 1996இல் தங்கியது போன்ற ஓர் அணி தங்கவில்லை; தங்கவைக்கப் பணமும் இல்லை. ஆனால் மூன்றாம் பிரிவு ஆட்டங்களுக்கும் ஆயிரக்கணக்கில் மக்கள் குன்றேறினார்கள். 2022இல் அணி இரண்டாம் பிரிவுக்குத் திரும்பியது.

2024 மே 25 அன்று, 1996 கோப்பை வெற்றிக்குச் சரியாக 28 ஆண்டு கழித்து, இரண்டாம் பிரிவுக் கழகமாகவே கைசர்ஸ்லாட்டர்ன் பெர்லினில் ஜெர்மன் கோப்பை இறுதியாட்டம் ஆடியது. எதிரே லீக்கில் ஓர் ஆட்டமும் தோற்காமல் பட்டம் வென்றிருந்த லெவர்குசன். கைசர்ஸ்லாட்டர்னின் பயிற்சியாளர் ஃபிரீட்ஹெல்ம் ஃபுங்கல், அவரும் 1980களின் தொடக்கத்தில் பெட்சன்பெர்க்கில் ஆடியவர். லெவர்குசன் 1–0 என்று வென்றது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் பிரேமே காலமாகியிருந்தார்.