தென்பெண்ணைக் கரையில் ஒரு எல்லை மாவட்டம்

பெங்களூரு போகும் வழியில் ஓசூரைக் கடக்காத குடும்பங்கள் நம்மில் குறைவு. ஆனால் ஓசூர் எந்த மாவட்டம், அது எப்படி உருவானது என்று நம் பிள்ளைகளிடம் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பெரும்பகுதி அன்று பாராமஹால். ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் மைசூருக்கு உட்பட்டிருந்தது. 1791 நவம்பரில் கர்னல் மாக்ஸ்வெல்லின் படை கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பியது. தர்கா அமைந்துள்ள அந்த மலையை மக்கள் சையத் பாஷா மலை என்கிறார்கள். போரில் விழாத கோட்டை, மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கம்பெனியிடம் போனது. ஓசூர்ப் பகுதியோ 1799இல் திப்பு ஷஹீதான பிறகுதான் நிரந்தரமாகக் கைமாறியது. பின்னர் இரண்டும் சேலம் மாவட்டமாயின.

1965இல் தருமபுரி பிரிந்தது. 2004 பிப்ரவரி 9இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. பரப்பு 5,143 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் சுமார் 18.8 லட்சம் மக்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் கடைவீதியில் கேட்கும். சிப்காட் வளர்த்த ஓசூர் 2019இல் மாநகராட்சியானது. ரயிலும் ஓசூருக்குத்தான், மாவட்டத் தலைநகரில் ரயில் நிலையம் கிடையாது!

நாம் கவலைப்பட வேண்டிய விஷயம் ஆறு. நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூருவின் கிழக்கு ஓரமாக வந்து ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. வழியில் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவு அதில் கலக்கிறது. மதகு திறந்தால் நுரை மலைபோல் எழுகிறது. ஓசூர் ஆலைகளுக்குப் பங்கில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எல்லைக்கு அப்பால் கலக்கும் கழிவை நிறுத்த கிருஷ்ணகிரி ஆட்சியருக்கு அதிகாரம் இல்லை.

நீரின் அளவிலும் இதே நிலைதான். துணையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் யார்கோள் அணையைக் கட்டியதை எதிர்த்து, 1892 ஒப்பந்தத்தைக் காட்டி தமிழகம் உச்ச நீதிமன்றம் சென்றது. நடுவர் மன்றம் கோரியிருக்க வேண்டும் என்று 2019 நவம்பரில் மனு தள்ளுபடியானது. அணையும் எழுந்துவிட்டது. காமராஜர் காலத்தில் கட்டப்பட்ட கிருஷ்ணகிரி அணையை நம்பி மட்டும் சுமார் 9,000 ஏக்கர் இருக்கிறது. அதற்கும் கீழே சாத்தனூர், பிறகு கடலூர் வரை இதே தண்ணீர்தான்.