துணையாக வந்த மோட்டார்

மாலுமி என்னும் சொல்லை நாம் யாவரும் அறிவோம். அஃது அரபு மொழியின் 'முஅல்லிம்' என்னும் சொல்லினின்று வந்தது என்பதை அறிந்தோர் சிலரே. முஅல்லிம் என்றால் ஆசிரியர். இந்துமாக்கடலில் கலம் செலுத்திய அரபியர், வழியறிந்து கப்பலை நடத்துவோரையும் அப்பெயராலேயே அழைத்தனர். படகைத் திருப்பும் சுக்கானும் அரபியின் 'ஸுக்கான்' தான். 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு மாஜித் என்னும் முஅல்லிம், காற்றையும் விண்மீனையும் கரையடையாளங்களையும் பற்றிய தம் அறிவை நூலாக எழுதி வைத்தார். கடலில் கல்வியே முதற்கருவியாக இருந்த காலம் அது. நம் கரையின் சிறு படகுகளில் மோட்டார் ஏறிய பின் அந்தக் கல்வி என்னவாயிற்று என்பதை இங்கே ஆராய்வோம்.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் மண்டிகளின் நடுவே வாழும் நமக்குக் கடலைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். வேலூர்ப் பக்கத்து அரபுக் கல்லூரிகளுக்குக் கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் ஓத வருவது நெடுநாளைய வழக்கம். அவ்வாறு நம்மிடம் ஓதிய இராமநாதபுரக் கரை மாணவர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறை முடிந்து திரும்பியபோது முகம் வாடியிருந்தார்.

"ஹஜ்ரத், எங்கள் வல்லத்தின் பாயை விற்றுவிட்டுப் பெரிய மோட்டார் வாங்கக் காக்கா முடிவு செய்துவிட்டார். முன்பணம் தரும் வியாபாரிக்கே மீனைப் போட வேண்டுமாம். வாப்பா வேண்டாம் என்கிறார். வீட்டில் பேச்சில்லை. தாங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்" என்றார்.

கடலறியாத நாம் என்ன சொல்வது? ஆயினும் ஒரு குடும்பத்தின் ஒற்றுமை அதில் அடங்கியிருந்தமையால், தெரிந்தவர்களைக் கேட்டும் நூல்களைப் புரட்டியும் அதன் வரலாற்றை அறிந்தோம்.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலே எவின்ரூட், படகின் பின்புறத்தே மாட்டும் சிறு மோட்டாரை 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றரைக் குதிரைத்திறனே. இன்று அவுட்போர்டு மோட்டார் என நாம் வழங்குவது அதன் வழிவந்ததே. எனினும் நம் நாட்டுப் பக்கம் முதலில் முயன்று பார்த்தது உள்ளே பொருத்தும் பொறியைத்தான். 1952இல் ஐக்கிய நாடுகள் சபை, இந்தியா, நார்வே மூன்றும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி கொல்லம் அருகே நீண்டகரையில் ஒரு திட்டம் தொடங்கியது. நாட்டுப் படகுகளிலேயே பொறியைப் பொருத்த முயன்றனர். அது கைகூடவில்லை. நம் படகுகள் துறைமுகத்தில் நிற்பவை அல்ல. அலையைக் கடந்து மணலில் ஏறுபவை. அடியில் நீட்டிய விசிறி மணலில் இடிபடும். ஆகவே புதுப் படகுகளைக் கட்டினர், அவை பெருகின, நாட்டுப் படகுக்காரர் பின்தங்கினர்.

புறத்தே மாட்டும் மோட்டாருக்கோ இந்த இடர்ப்பாடு குறைவு. கரை நெருங்கும்போது அதைச் சாய்த்து விசிறியை மேலே தூக்கலாம். கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்கும் கொண்டு போகலாம். 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கரையேறும் சிறு படகுகளுக்கு ஏற்ற பொறிகளை ஆராய்ந்தது. குமரி மாவட்டத்து முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டப்பட்டன. 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, மோட்டார்களை வாங்கித் தரவும் பழுது பார்க்கவும் முன்வந்தது. அந்தப் பத்தாண்டில் கேரளத்திலும் குமரிக் கரையிலும் மோட்டார் பரவலாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மோட்டார் முதலில் துணையாகவே வந்தது. காற்று இருந்தால் பாய், காற்று ஓய்ந்தால் மோட்டார், இதுவே முறை. அந்த முறைக்குப் பெரிய மோட்டார் தேவையில்லை. நீரைக் கிழித்துச் செல்லும் கனத்த படகின் வேகத்துக்கு அதன் நீளமே ஓர் எல்லை வகுக்கிறது. இருபதடிப் படகுக்கு அவ்வெல்லை மணிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர். அதை எட்டிய பின் மோட்டாரின் ஆற்றலை இரட்டித்தாலும் வேகம் இரட்டிக்காது; எண்ணெய்ச் செலவே ஏறும்.

பொருத்துவதிலும் நுட்பம் உண்டு. மோட்டாரின் தண்டு குட்டையாக இருந்தால் படகு அலையில் எழும்போது விசிறி காற்றைப் பிடித்துச் சுழலும், வலிவு வீணாகும். மிக நீளமானால் நீரின் தடை கூடும். விசிறிக்கு மேலுள்ள தகடு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ சற்றுக் கீழாகவோ அமைதல் வேண்டும். பின்புறம் கூர்மையான வல்லத்தில் பக்கவாட்டில் தாங்குமரம் வைத்து, உட்புறம் தடித்த பலகை கொடுத்து, ஊடுருவும் ஆணிகளால் இறுக்க வேண்டும். மோட்டார் கழன்றால் கடலில் போகாதிருக்கக் கயிறும் கட்ட வேண்டும். கட்டுமரத்திலோ மரங்கள் கயிற்றுக் கட்டில் அசைந்துகொண்டே இருக்கும். அலை மேலேறிப் போகும். அங்கே மோட்டாரை நிலையாகப் பொருத்துவது அரிது. கரை திரும்பியதும் நன்னீரால் அலசாவிடில் உப்பு உள்ளே அரிக்கும்.

இவ்வளவும் அறிந்து அளவோடு கொண்டிருந்தால் துணை துணையாகவே நின்றிருக்கும். ஆனால் நடந்தது வேறு. அடுத்த படகை முந்த வேண்டும் என்று மேலும் பெரிய மோட்டார், அதற்குக் கடன், கடன் கொடுத்தவரே மீனுக்கு விலை வைப்பார். 1973 அக்டோபரிலிருந்து சில மாதங்களுக்குள் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. எண்ணெயை மட்டும் நம்பியவன் நிலையற்ற விலையை நம்பியவன் என்பதற்கு அதுவே சான்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கட்டுமரங்கள் ஏராளமாக அழிந்தன. அவற்றுக்கு ஈடாக வந்த இழைக்கண்ணாடிப் படகுகள் பெரும்பாலும் பொறியை நம்பியவையே. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றின் பெயரை நாவிலும் குணத்தை உடலிலும் வைத்திருந்த கல்வி, கற்பிப்பாரும் கற்பாருமின்றி மங்கியது.

கடற்கரையாரை மட்டும் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. நம் பகுதியில் ஆவாரம் பட்டைக் குழியில் வாரக்கணக்கில் ஊறிய தோலைக் குரோம் உப்பு ஓரிரு நாளில் பதனிட்டுத் தந்தது. வேகத்தைக் கண்டு மகிழ்ந்தோம். விலையைப் பாலாறு கொடுத்தது. 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே பலருக்குக் கண் திறந்தது. விரைவு தருவதை வீட்டுக்குள் விடும்போதே அதற்கு எல்லை வகுக்காதவர், பின்னர் அதன் எல்லைக்குள் தாம் வாழ நேரும்.

மாணவரிடம் நாம் சொன்னது இவ்வளவே. "மோட்டார் வாங்குவதில் உம் காக்கா சொல்வது சரி, பாயை விற்காதே என்பதில் வாப்பா சொல்வது சரி. படகின் அளவறிந்து சிறியதாக வாங்குங்கள். மீனை அடகு வைக்காத கடனாகப் பாருங்கள். காக்கா மோட்டாரைக் கற்றது போல, வாப்பாவிடம் காற்றையும் கற்கட்டும்."

சில மாதங்கள் கழித்து அவர் வந்து, மோட்டார் வாங்கியாயிற்று என்றும், பாய் விற்கப்படவில்லை என்றும் சொன்னார். காக்காவும் வாப்பாவும் ஒரே வல்லத்தில் போகிறார்களாம். சுக்கான் யார் கையில் என்று கேட்டோம். "வாப்பா கையில்தான், ஹஜ்ரத்" என்றார். அந்த முஅல்லிமுக்கு நம் ஸலாமைச் சொல்லியனுப்பினோம்.