எண்கோணத்தின் இரண்டாம் ஆயுள்

எம்ஜி டிசி என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரின் என்ஜினை முதல்முறையாகப் பிரிக்க உட்காருகிறவருக்கு ஒரு போல்ட்டிலேயே குழப்பம் தொடங்கிவிடும். 1945-க்கும் 1949-க்கும் இடையில் இங்கிலாந்தில் உருவான கார் அது. போல்ட்டின் தலையில் பழைய ஆங்கிலேய விட்வொர்த் ஸ்பேனர் கச்சிதமாக உட்காரும். ஆனால் விட்வொர்த் போல்ட் ஒன்றைக் கடையில் வாங்கிவந்து அதே துளையில் முறுக்கினால் ஏறாது. உள்ளே இருக்கும் மரை மில்லிமீட்டர் கணக்கில் வெட்டியது. தெரியாமல் பலம் போட்டால் என்ஜின் பிளாக்கின் மரையே போய்விடும்.

இதற்குக் காரணம் ஒரு போர். முதல் உலகப் போரின்போது பிரான்சின் ஆயுத நிறுவனமான ஹாட்ச்கிஸ், தன் ஆலை ஜெர்மானியர் கையில் விழுந்துவிடுமோ என்று அஞ்சி, இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் இன்னொரு ஆலையைத் தொடங்கியது. போர் முடிந்ததும் துப்பாக்கிக்கு வேலை இல்லை. அதே இயந்திரங்கள் வில்லியம் மோரிஸின் கார்களுக்கு என்ஜின் செய்யத் தொடங்கின. 1923-ல் மோரிஸ் ஆலையையே வாங்கிவிட்டார். மரை வெட்டும் கருவிகள் பிரெஞ்சுக் கணக்கில் இருந்தன. இங்கிலாந்தின் பட்டறைகளில் இருந்த ஸ்பேனர்களோ விட்வொர்த். எனவே தலைக்கு ஓர் அளவு, உடம்புக்கு ஓர் அளவு என்று போல்ட்டுகள் பிறந்தன. அந்த வழக்கம் எம்ஜி என்ஜின்களில் 1950-களின் நடுப்பகுதி வரை நீடித்தது. இன்றும் டிசி வைத்திருப்பவர்கள் கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனி டப்பாவில் போட்டுக் காப்பாற்றுவது அதனால்தான்.

எம்ஜி என்பது மோரிஸ் காரேஜஸ் என்பதன் சுருக்கம். ஆக்ஸ்ஃபோர்டில் மோரிஸ் நடத்திய விற்பனை நிலையம் அது. 1922-ல் அங்கே மேலாளராக வந்த செசில் கிம்பர், சாதாரண மோரிஸ் காரின் அடிச்சட்டத்தை எடுத்து, அதன்மேல் இலகுவான, அழகான உடலைப் பொருத்தி விற்க ஆரம்பித்தார். எண்கோணச் சின்னம் அந்தக் கார்களுக்கு அடையாளமானது. 1929-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே ஆபிங்டன் என்ற சிற்றூரில், முன்பு தோல் ஆலையாக இருந்த கட்டடத்துக்குத் தொழிற்சாலை இடம்பெயர்ந்தது. அங்கே வந்த தொலைபேசியின் எண் 251. எம்ஜி மாடல்களின் அடிச்சட்ட எண் வரிசை 0251-லிருந்து தொடங்கும் வழக்கம் அதிலிருந்து வந்தது. தன் நேசத்தை இரும்பில் பொறித்துவைத்த தொழிற்சாலை என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது.

கிம்பர் 1941-ல் வெளியேற்றப்பட்டார். 1945 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் நடந்த ரயில் விபத்தில் இறந்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த டிசியை அவர் பார்க்கவில்லை. ஏறத்தாழ 10,000 டிசி கார்கள் உருவாயின. அவற்றில் சுமார் 2,000 அமெரிக்காவுக்குப் போயின. ஸ்டியரிங் வலப்பக்கம் மட்டுமே; 19 அங்குல ஸ்போக் சக்கரம்; தகட்டுக்கு உள்ளே ஆஷ் மரச்சட்டம். போர்க்காலத்தில் இங்கிலாந்தில் தங்கியிருந்த அமெரிக்க வீரர்கள் இந்த வகைக் கார்களில் மனதைப் பறிகொடுத்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார்கள். டிசியைச் சரிசெய்ய மெக்கானிக் மட்டும் போதாது, தச்சரும் வேண்டும். கதவுத் தூணின் அடிமரம் உளுத்துப்போனால் வெளித்தகடு எவ்வளவு பளபளத்தாலும் கதவு தொங்கிவிடும்.

பராமரிப்பின் வரலாற்றை முழுமையாகப் பார்க்க வேண்டுமானால் 1962-ல் வந்த எம்ஜிபி-யிடம் வர வேண்டும். 18 ஆண்டுகளில் 5 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் வெளியேறின. பெரும்பகுதி அமெரிக்காவுக்குச் சென்றது. 1798 சிசி என்ஜின், இரட்டை கார்புரேட்டர், மடக்கும் துணிக்கூரை. பணக்காரர்களின் கார் இல்லை. மாதச் சம்பளக்காரர் கடனில் வாங்கக்கூடிய வண்டி. அது இன்றுவரை பிழைத்திருப்பதற்கு அந்த எளிமையும் ஒரு காரணம்.

டிசி போன்ற முந்தைய எம்ஜிக்களுக்குத் தனி அடிச்சட்டம் உண்டு. எம்ஜிபி-க்கு இல்லை, உடலே சட்டம். கூரை இல்லாத காரில் முன்பாதியையும் பின்பாதியையும் வளையாமல் இணைத்துப் பிடிப்பது கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் என்ற இரும்புப் பெட்டிதான். வெளித்தகடு, உள்தகடு, நடுவே இன்னொரு தகடு என்று அடுக்கடுக்காக அமைந்தது அது. முன்சக்கரம் வாரியடிக்கும் சேறும், குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் அதற்குள் புகுந்துவிட்டால் வெளியேற வழி குறைவு. துரு உள்ளிருந்து தின்னும். வெளியே பெயின்ட் குமிழியிடும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

பழைய எம்ஜிபி வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது என்ஜினை இல்லை, கதவின் இடைவெளியை. கதவின் பின்விளிம்பில் மேலும் கீழும் ஒரே அளவு சந்து இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பார்கள். பிறகு பக்கவாட்டில் ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடச் சொல்வார்கள். கதவு இறுகினால் சில் பலமிழந்துவிட்டது என்று அர்த்தம். அதை மாற்றும் வேலையிலும் ஒரு பெரிய கண்ணி உண்டு. உடலுக்கு முறையாக முட்டுக்கொடுக்காமல், கதவுவாசலின் குறுக்கே இரும்புக்கம்பி வைத்து இறுக்காமல் பழைய சில்லை வெட்டியெடுத்தால், கார் நடுவில் தொய்ந்துவிடும். அந்தத் தொய்வோடு புதிய தகட்டை வெல்டிங் செய்தால் அது காலத்துக்கும் கோணல். அவசர டிங்கரிங் வேலையால் இப்படி வாழைப்பழமாக வளைந்த கார்கள் நிறைய உண்டு.

துரு கவலை தரும்; கார்புரேட்டர் மகிழ்ச்சி தரும். எம்ஜிபி-யின் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களுக்கும் ஒரு பூர்வகதை இருக்கிறது. ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர், செருப்பு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். 1900-களின் தொடக்கத்தில் தம்பியோடு சேர்ந்து அவர் உருவாக்கிய கார்புரேட்டரில், காற்றின் இழுப்புக்கு ஏற்ப விரிந்து சுருங்கும் துருத்தி தோலால் ஆனது. தோல் அவருக்குத் தெரிந்த பொருள். பின்னால் அந்த இடத்தில் உலோகப் பிஸ்டன் வந்தது. கூம்பிய ஊசி ஒன்று பிஸ்டனோடு ஏறி இறங்கி, பெட்ரோல் போகும் துளையின் அகலத்தைத் தானே கூட்டிக் குறைக்கும். நகரும் பாகங்கள் மிகக் குறைவு. 1926-ல் இந்த நிறுவனத்தையும் மோரிஸ் வாங்கினார்.

இரண்டு கார்புரேட்டர்களையும் சமன் செய்ய ஒரு முழ நீள ரப்பர் குழாய் போதும். என்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை முதலில் ஒரு கார்புரேட்டரின் வாயருகே, பிறகு அடுத்ததின் வாயருகே பிடிக்க வேண்டும். ‘ஸ்ஸ்’ என்ற காற்றின் சீறல் இரண்டிலும் ஒன்றாகக் கேட்கும்வரை திருகை மெல்லத் திருப்ப வேண்டும். வீணைக்குச் சுருதி கூட்டுவது போன்ற வேலை. கார்புரேட்டரின் தலையில் இருக்கும் மூடியைக் கழற்றி உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது வற்றிப்போனால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது வண்டி ஒரு கணம் திணறும். பல உரிமையாளர்கள் இந்தத் திணறலுக்காக என்ஜினையே சந்தேகப்பட்டு, கடைசியில் சில துளி எண்ணெயில் தீர்வு கண்டிருக்கிறார்கள்.

ஸ்போக் சக்கரங்களுக்கும் தனிக் கவனம் வேண்டும். நான்கு நட்டுகளுக்குப் பதில் நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. பல்பல்லாக இருக்கும் குடத்தின்மேல் சக்கரம் ஏறி உட்காரும். அந்தப் பற்களுக்கு கிரீஸ் தடவாமல் விட்டால் தேய்ந்து, பிரேக் பிடிக்கும்போது ‘டக்’ என்று சத்தம் வரும். நட்டை இறுக்குவது செம்புச் சுத்தியலால். இரும்பால் அடித்தால் குரோமியப் பூச்சு உரிந்துவிடும். மின்சாரத்தில் இன்னொரு பொறி: 1967 வரை வந்த எம்ஜிபி-க்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். இது தெரியாமல் இக்கால ரேடியோவைப் பொருத்தினால் அது கருகிவிடும்.

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. எம்ஜிபி-யின் டைனமோ, ஸ்டார்ட்டர், விளக்கு எல்லாம் பர்மிங்காமின் லூகாஸ் நிறுவனத்துடையவை. அதே லூகாஸ் 1961-ல் டிவிஎஸ் குழுமத்தோடு சேர்ந்து சென்னை பாடியில் தொடங்கிய ஆலைதான் லூகாஸ் டிவிஎஸ். அந்த வழியே பஸ்ஸில் போகிறவர்களுக்கு லூகாஸ் ஒரு நிறுத்தத்தின் பெயர். என்ஜினிலும் உறவு உண்டு. பல பத்தாண்டுகள் இந்தியச் சாலைகளில் ஓடிய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜினும், 1955-ல் வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரின் முதல் என்ஜினும் ஒரே பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. அதன் பெரிய உருவமே எம்ஜிபி-யில் இருப்பது. அம்பாசடரைப் பிரித்துப் பூட்டிய மெக்கானிக் எம்ஜிபி-யின் பானெட்டைத் திறந்தால், வேற்றூரில் தன் சித்தப்பா மகனைப் பார்த்தது போலிருக்கும்.

1979 செப்டம்பரில் ஆபிங்டன் ஊரே திரண்டு எம்ஜி வந்த 50 ஆண்டு நிறைவைக் கொண்டாடியது. கொண்டாட்டம் முடிந்த மறுநாள், 10-ம் தேதி திங்கட்கிழமை, தொழிற்சாலையில் எம்ஜி உற்பத்தி நிறுத்தப்படும் என்று அதன் உரிமை நிறுவனமான பிரிட்டிஷ் லேலண்ட் அறிவித்தது. பவுண்டின் மதிப்பு ஏறியதால் அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு வண்டியும் நஷ்டம் என்றது நிர்வாகம். காரும் பழசாகிவிட்டிருந்தது, 1974-ல் அமெரிக்கச் சட்டத்துக்காக மாட்டிய கறுப்பு ரப்பர் பம்பரும் உயர்த்திய உடலும் அதன் நடையைக் கெடுத்திருந்தன. ஆஸ்டன் மார்ட்டின் தலைமையில் ஒரு குழு ஆபிங்டனை வாங்க முயன்று தோற்றது. 1980 அக்டோபரில் கடைசி எம்ஜிபி வெளியே வந்தது.

வழக்கமாக இத்துடன் ஒரு காரின் கதை முடிந்துவிடும். உதிரிப் பாகம் தீரும், தகடு மட்கும், வண்டிகள் ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்குப் போகும். எம்ஜிபி-க்கு அப்படி ஆகாததற்கு ஆபிங்டனின் வேலைமுறையே காரணம். அங்கே என்ஜின் செய்யவில்லை, உடலும் அடிக்கவில்லை. என்ஜின் கோவென்ட்ரியிலிருந்து வந்தது. தகடுகள் ஸ்விண்டனில் அச்சில் அழுத்தப்பட்டவை. ஆபிங்டன் தொழிலாளர்கள் பாகங்களைப் பூட்டி, காரைக் கையால் தள்ளி அடுத்தவரிடம் கொடுத்தார்கள். ஆகவே ஆபிங்டன் மூடியபோது, தகடு அடிக்கும் அச்சுகள் வேறிடங்களில் தப்பிக் கிடந்தன.

அவற்றைத் தேடிப் புறப்பட்டவர் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனத்தின் டேவிட் பிஷப். பழைய அச்சுகளைக் கண்டுபிடித்துத் திரட்டி, ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் ஃபேரிங்டன் ஊரில் ஒரு பட்டறை அமைத்து, 1988-ல் எம்ஜிபி-யின் முழு உடலையும் புத்தம்புதிதாக வெளியிட்டார்கள். உற்பத்தி நின்று எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, அதே அச்சில், அதே உடல். துருப்பிடித்த காரின் உரிமையாளர் புதிய உடலை வாங்கி, பழைய என்ஜின், ஆக்சில், இருக்கை, ஸ்டியரிங் எல்லாவற்றையும் அதற்கு மாற்றிக்கொள்ளலாம். அந்த உடலைப் பார்த்த துணிச்சலில் 1992-ல் எம்ஜி பெயரிலேயே ஆர்வி8 என்ற புதிய கார் வந்தது. சுமார் 2,000 வண்டிகளில் பெரும்பாலானவை ஜப்பானுக்குப் போயின. வண்டியை வைத்திருந்தவர்கள் விடாப்பிடியாகப் பாகம் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் இதெல்லாம் நடந்தது. 1930-ல் தொடங்கிய எம்ஜி கார் கிளப் போன்ற சங்கங்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு.

உடல் மாறினால் அது அதே கார்தானா? பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறை இதற்குப் புள்ளிக்கணக்கு ஒன்றைப் பல ஆண்டுகள் வைத்திருந்தது. மாற்றம் செய்யாத உடலுக்கு 5 புள்ளி, சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் முதலியவற்றுக்கு 2 வீதம், என்ஜினுக்கு 1. மொத்தம் 8 சேர்ந்தால் பழைய எண் பலகை நீடிக்கும். காரின் இதயம் என்று எல்லோரும் சொல்லும் என்ஜினுக்கு ஒரே ஒரு புள்ளி என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

1999 இறுதியில் ஈயம் கலந்த பெட்ரோல் பிரிட்டனில் நின்றபோது இன்னொரு சோதனை வந்தது. வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது அந்த ஈயம். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் கடினமான சீட் பதிப்பதும், டேங்கில் மாற்று மருந்து ஊற்றுவதும் அப்போது பரவிய வழக்கங்கள். 2021-ல் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலானதும் பழைய ரப்பர் குழாய்கள் அரிபடத் தொடங்கின. குழாய் மாற்றும் படலம் நடந்தது.

ஆபிங்டனின் உற்பத்திப் பேரேடுகள் இப்போது கேடன் ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அடிச்சட்ட எண்ணையும் கட்டணத்தையும் அனுப்பினால், வண்டி எந்தத் தேதியில் உருவானது, எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது, என்ன நிறம் என்று சான்றிதழாக எழுதித் தருகிறார்கள். பல ஆண்டுகளாகச் சிவப்பு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர், அது வெளிர்நீலத்தில் பிறந்தது என்று ஒரு காகிதத்தைப் பார்த்து அறிவதும் உண்டு. அடுத்த குளிர்காலத்தில் ஷெட்டின் கதவைச் சாத்திக்கொண்டு, சிவப்பைச் சுரண்ட ஆரம்பிப்பார்.